சன்னலை மூடினால் போதுமா?
புகைக் காலத்தில் நம் வீட்டுக் காற்று

பனி பெய்யும் நாடுகளில் குளிர்காலம் வந்துவிட்டால் கதவையும் சன்னலையும் இறுக அடைத்துக்கொண்டு கணப்பின் அருகே அமர்வார்கள். இது தமிழருக்குப் புதிய செய்தியன்று. பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் கூதிர்காலமும் இத்தகையதே. மாடங்களின் கதவுகள் தாழிடப்பட்டுக் கிடக்கின்றன. மக்கள் குளிர்ந்த நீரை விலக்கிவிட்டு, வாயகன்ற தடவில் இட்ட நெருப்பில் குளிர் காய்கின்றனர். உள்ளே அகிற்புகை எழுகிறது. இக்காட்சியைப் படிக்கும்போது அதன் அழகில் நாம் தோய்ந்துவிடுகிறோம். ஆனால் சற்றே அறிவியல் கண்கொண்டு நோக்கினால் ஒரு கேள்வி எழுகிறது. கதவு அடைபட்டிருக்கிறது, உள்ளே நெருப்பும் புகையும் இருக்கின்றன. அப்படியானால் அந்த வீட்டார் எதைச் சுவாசித்தார்கள்?

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கேள்வி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நிபோங் திபாலில் வாழும் நமக்கும் இதே கேள்வி இன்று பொருந்தும்.

நமது ‘குளிர்காலம்’

மலேசியாவில் குளிர்காலம் இல்லை. ஆனால் சன்னல்களை அடைக்கும் காலம் உண்டு. அதுவே புகைமூட்டக் காலம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் காடுகளும் கரிமண் நிலங்களும் எரியும்போது அந்தப் புகை கடல் கடந்து நம்மிடம் வருகிறது. 1997, 2005, 2013, 2015, 2019 ஆகிய ஆண்டுகளை நம் பெற்றோரோ நாமோ எளிதில் மறக்க மாட்டோம். 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும், 2013 ஜூனில் மூவாரிலும் லேடாங்கிலும் புகைமூட்டத்தால் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் நாட்டின் பல பகுதிகளில் பள்ளிகள் மூடப்பட்டன.

வடமாநிலங்களில் வாழும் நமக்கு இன்னொரு புகைக் காலமும் உண்டு. ஜனவரியும் பிப்ரவரியும் இங்கு மழை குறைந்த மாதங்கள். மற்ற நாடுகளில் குளிர்காலம் நிலவும் அதே மாதங்களில் இங்குப் புல் காய்கிறது, புதர் காய்கிறது, அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் காய்கிறது. யாரோ ஒருவர் கொளுத்தும் குப்பை தெரு முழுவதையும் மூடிவிடுகிறது. திறந்தவெளியில் எரியூட்டுவது 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் குற்றம். இருந்தும் மாலை வேளைகளில் எங்கோ ஓரிடத்தில் புகை எழுந்துகொண்டுதான் இருக்கிறது.

பூலாவ் பூரோங் தந்த பாடம்

இந்த இரண்டாம் புகைக் காலத்தின் கடுமையை நிபோங் திபால் 2022இல் உணர்ந்தது. அவ்வாண்டு ஜனவரி 12ஆம் நாள் பூலாவ் பூரோங் குப்பை நிலத்தில் தீ மூண்டது. பினாங்கு மாநிலத்தின் வீட்டுக் குப்பை வந்து சேரும் இடம் அது. குப்பைமேட்டுத் தீ விறகுத் தீயைப் போன்றதன்று. அழுகும் குப்பையிலிருந்து மீத்தேன் என்னும் எரியும் வாயு ஓயாமல் உண்டாகிறது. மேலே நீரை ஊற்றினாலும் அடியில் கனல் நீடிக்கிறது. அதனால்தான் தீயணைப்பு வீரர்கள் வாரக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. மண்ணைக் கொட்டி மூடியும் நீர் பாய்ச்சியும் அத்தீயை அடக்க வேண்டியதாயிற்று.

அந்நாள்களில் பைராம் தோட்டப் பகுதியிலும் சுற்றியுள்ள கம்பங்களிலும் எரிந்த நெகிழியின் நெடி நிறைந்திருந்தது. சுவாச நோய் உள்ளவர்கள் தற்காலிகமாக வேறிடம் மாற்றப்பட்டனர். அருகிலுள்ள சில பள்ளிகளில் நேரடி வகுப்புகள் நிறுத்தப்பட்டு மாணவர்கள் இல்லிருப்புக் கற்றலுக்கு அனுப்பப்பட்டனர். பிள்ளைகளைப் புகையிலிருந்து காக்க எடுக்கப்பட்ட நடவடிக்கை அது. அதில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் நாம் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். பள்ளியைவிட வீடு பாதுகாப்பானது என்ற நம்பிக்கையில்தான் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினோம். அந்த வீட்டின் காற்று எப்படி இருந்தது என்பதை யார் பார்த்தார்கள்?

என் தம்பிக்குச் சிறுவயது முதலே ஆஸ்துமா உண்டு. அந்த ஜனவரியில் அவன் வாசற்படியைத் தாண்டவே இல்லை. பகலில் ஓரளவு நன்றாக இருந்தவன் இரவானால் இருமத் தொடங்கினான். கிளினிக்கில் மருத்துவர் மார்பைச் சோதித்த பின் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, “இரவில் வீட்டுக்குள் என்ன கொளுத்துகிறீர்கள்?” என்பதுதான். வெளியிலுள்ள புகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த எங்களுக்கு அந்தக் கேள்வி வியப்பாக இருந்தது. இக்கட்டுரைக்கு வித்தும் அதுவே.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

புகையில் வாயுக்களும் உண்டு, துகள்களும் உண்டு. இவற்றுள் உடலுக்கு மிகுந்த கேடு செய்பவை 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த விட்டமுடைய நுண்துகள்கள். இவற்றைப் ‘பிஎம் 2.5’ என்று குறிப்பர். நம் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு எனலாம். பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். தும்மலும் சளியும் அதை வெளியேற்றிவிடும். நுண்துகளோ நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை செல்லும். அதனினும் நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கும். ஆகவே இது இருமலோடு முடிகின்ற சிக்கலன்று. இதய நோய்க்கும் பக்கவாதத்திற்கும் இதில் பங்குண்டு.

உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஒரு கன மீட்டர் காற்றில் இந்நுண்துகள் 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஆண்டுச் சராசரி 5ஐத் தாண்டக் கூடாது. விறகு, கரி போன்றவற்றால் சமைக்கும் வீடுகளில் உண்டாகும் உட்புறக் காற்று மாசினால் 2020இல் மட்டும் உலகில் 3.2 மில்லியன் பேர் இறந்திருக்கக்கூடும் என்பதும் அந்நிறுவனத்தின் கணிப்பு. ‘வீட்டுக்குள்தானே இருக்கிறோம்’ என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை இந்த எண் உணர்த்தும்.

நம் நாட்டில் சுற்றுச்சூழல் துறை காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை மணிக்கு மணி வெளியிடுகிறது. 50 வரை நன்று. 51 முதல் 100 வரை மிதம். 101 முதல் 200 வரை உடல்நலத்திற்குக் கேடு. 201 முதல் 300 வரை மிகுந்த கேடு. அதற்கு மேல் அபாயம். 2018 முதல் இக்கணக்கில் பிஎம் 2.5 துகளும் சேர்க்கப்பட்டுள்ளது. இதைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். ஆனால் இரண்டை மனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, துகளுக்கான குறியீடு கடந்த 24 மணி நேரச் சராசரியைக் கொண்டு கணிக்கப்படுகிறது. அரைமணி நேரத்திற்கு முன் தொடங்கிய புகை அதில் உடனே முழுமையாகத் தெரியாது. இரண்டாவது, அளவிடும் நிலையம் நம் வீட்டு வாசலில் இல்லை. பின்வீட்டில் கொளுத்திய குப்பையைப் பல கிலோமீட்டர் அப்பால் உள்ள கருவி அறியாது. எனவே குறியீட்டைப் பாருங்கள். அதோடு உங்கள் மூக்கையும் கண்ணையும் நம்புங்கள்.

வீடு தானே உண்டாக்கும் புகை

இனி மருத்துவர் கேட்ட கேள்விக்கு வருவோம். வெளிப்புகைக்கு அஞ்சிச் சன்னலை மூடிய பின், உள்ளே என்ன நடக்கிறது?

முதலில் அடுப்பு. எரிவாயு அடுப்பில் சாம்பல் இல்லை, கரி இல்லை. ஆதலால் புகையும் இல்லை என்று நினைக்கிறோம். எரிவாயு எரியும்போது நைட்ரஜன் டையாக்சைடு உண்டாகிறது. அது ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. அதைவிட முக்கியமானது அடுப்பின் மேல் இருக்கும் வாணலி. மீன் பொரிப்பது, காய்ந்த மிளகாய் வறுப்பது, பெலாச்சான் வாட்டுவது, எண்ணெய் புகையும் வரை சூடேற்றித் தாளிப்பது ஆகிய ஒவ்வொன்றும் நுண்துகளைக் காற்றில் ஏற்றுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் நம் வீட்டில் மிளகாய் வறுக்கிறார்கள் என்று சிரிப்போம். பக்கத்து வீட்டு மூக்கை எட்டுவது நம் வீட்டுப் பிள்ளையின் நுரையீரலை எட்டாமலா இருக்கும்?

அடுத்து, கொசுவர்த்திச் சுருள். சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட சுருள்களைச் சோதித்து 2003இல் ஓர் ஆய்வு வெளியிடப்பட்டது. மலேசிய ஆய்வாளர்களும் அதில் பங்கேற்றனர். ஒரு சுருள் முழுதும் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்கு நிகரானது என்று அவர்கள் கண்டனர். வீட்டில் யாரும் புகைபிடிப்பதில்லை என்று பெருமைப்படும் நாம், பிள்ளைகள் உறங்கும் அறையில் இரவு முழுவதும் இதைக் கொளுத்தி வைக்கிறோம். பகலில் நன்றாயிருந்த பிள்ளை இரவில் இருமுவதற்கு இதுவும் காரணமாகலாம்.

மூன்றாவது, ஊதுபத்தியும் சாம்பிராணியும். இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலையில் சாம்பிராணி மணக்காத வீடு வீடாகத் தோன்றாது. ஆனால் மணம் வேறு, புகை வேறு என்று நுரையீரல் பிரித்துப் பார்ப்பதில்லை. தழலில் இட்ட எதுவாயினும் நுண்துகளாகவே உள்ளே செல்கிறது. சன்னல் திறந்திருக்கும் நாளில் அது கலைந்து போய்விடும். வீடு அடைபட்டிருக்கும் நாளில் அங்கேயே தங்கிவிடும்.

ஆக, புகைக் காலத்தில் நாம் ஒரு கதவை மூடி, வெளிப்புகையைப் பாதி தடுக்கிறோம். அதே கதவால் உட்புகையை முழுவதுமாகச் சிறைப்படுத்துகிறோம். இக்கட்டுரை சொல்ல வருவது இதுதான்: சன்னலை மூடுவது பாதி வேலையே. மூடிய பின் உள்ளே எதையும் எரிக்காமல் இருப்பதும், வெளிக்காற்று தெளிந்தவுடன் திறப்பதும் மறுபாதி.

லயத்திலிருந்து தாமானுக்கு

இந்தச் சிக்கல் நம் தலைமுறையில் ஏன் கூடியுள்ளது? வீட்டின் அமைப்பே ஒரு காரணம். தென்செபராங் பிறையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்பும், பின்னர் ரப்பரும், அதன் பின் செம்பனையுமாகப் பயிர் மாறியது. அத்தோட்டங்களில் உழைக்க வந்த நம் முன்னோர் லயங்களில் வாழ்ந்தனர். பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட அவ்வீடுகள் வசதியானவை அல்ல. அவற்றைப் பொற்காலமாகப் பாடவும் வேண்டியதில்லை. விறகு அடுப்பின் முன் கண்ணெரிய நின்ற பாட்டிமாரைக் கேட்டால் உண்மை விளங்கும். ஆனால் சுவருக்கும் கூரைக்கும் இடையே சந்து இருந்தது. பலகைக்குப் பலகை இடைவெளி இருந்தது. புகை வந்த வழியே போனது.

இன்று நாம் வாழும் மலிவு விலை வரிசை வீடுகளில் காற்றுக்கு முன்புறமும் பின்புறமும் மட்டுமே வழி. அதிலும் பெரும்பாலான வீடுகளில் பின்புற வெற்றிடத்தில் கூரை போட்டுச் சமையலறையை நீட்டிக் கட்டிவிடுகிறோம். அப்போது பின் அறையின் சன்னல் வானத்தைப் பார்க்காமல் சமையலறையைப் பார்க்கத் தொடங்குகிறது. அம்மா மீன் பொரிக்கும் புகை நேரே அந்த அறைக்குள் போகிறது. பெரும்பாலும் அந்த அறையில்தான் பாட்டியோ பிள்ளைகளோ உறங்குகிறார்கள். உங்கள் வீட்டிலும் இப்படித்தானா என்று இன்றே ஒருமுறை எழுந்து பாருங்கள்.

மறுபுறம், இதே வீடுகளை முழுவதுமாக அடைக்கவும் முடியாது. அடுக்குக் கண்ணாடிச் சன்னல்கள் சரியாகப் பொருந்துவதில்லை. கதவுகளுக்கு மேலே நிலையான காற்றுத் துளைகள் உண்டு. வெப்ப நாட்டுக்கு அவை மிகப் பொருத்தமானவை. புகைக் காலத்தில் மட்டும் அவை புகைக்கு வாசலாகின்றன. ஆகவே ‘வீடு முழுவதையும் காப்பேன்’ என்பது நடவாத காரியம். ஓர் அறையைக் காக்கலாம். அது நம்மால் முடியும்.

என்ன செய்யலாம்?

1. புகை எங்கிருந்து வருகிறது என்று முதலில் அறியுங்கள். வெளியே தெளிவாக இருந்து உள்ளே புகை இருந்தால் திறக்க வேண்டும். வெளியே புகையும் உள்ளே தெளிவும் இருந்தால் மூட வேண்டும். எளிய விதிதான், ஆனால் பழக்கத்தின் காரணமாக நாம் மாற்றிச் செய்துவிடுகிறோம். கடலோரத்தில் பகலில் கடற்காற்று நிலத்தை நோக்கியும், இரவில் நிலக்காற்று கடலை நோக்கியும் வீசும் இயல்புடையது. காற்றசைவு இல்லாத இரவிலும் விடியற்காலையிலும் புகை தரையோடு படிந்து கிடக்கும். வெயில் ஏறினால் மேலெழுந்து கலையும். தென்னை ஓலை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்தே நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வெளிக்காற்று தெளிந்திருக்கும் வேளையில் எதிரெதிர்ச் சன்னல்களைப் பத்துப் பதினைந்து நிமிடம் திறந்து வையுங்கள். ஒற்றைச் சன்னலைவிட எதிரெதிர்ச் சன்னல்கள் காற்றை விரைவாக மாற்றும்.

2. ஒரு தூய அறையை ஏற்படுத்துங்கள். சமையலறையிலிருந்து தள்ளியிருக்கும் படுக்கையறை ஏற்றது. கதவுக்கு மேலுள்ள காற்றுத் துளையை நெகிழித்தாளாலும் ஒட்டுநாடாவாலும் மூடலாம். கதவின் அடிச் சந்தில் துணியைச் சுருட்டி வைக்கலாம். குழந்தைகள், முதியோர், கருவுற்ற தாய்மார், ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள் இரவில் அங்கே உறங்கட்டும். ஆனால் அடைத்த அறையில் பலர் நெடுநேரம் இருந்தால் காற்று கனத்துத் தலைவலியும் சோர்வும் வரும், வெக்கையும் கூடும். முதியோருக்கு வெக்கையும் ஆபத்தே. புகை தணிந்தவுடன் துளைகளைத் திறந்துவிடுங்கள்.

3. காற்றுச் சுத்திகரிப்பான் வாங்குவதாக இருந்தால் இரண்டு செய்திகளைப் பாருங்கள். ஒன்று, அதில் ‘ஹெப்பா’ வடிகட்டி இருக்க வேண்டும். இது 0.3 மைக்ரோமீட்டர் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் தரமுடையது. மற்றொன்று, ‘சிஏடிஆர்’ என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண். தூய காற்றை எவ்வளவு விரைவாகத் தரும் என்பதை அது காட்டும். 10க்கு 12 அடி அறை என்றால் 120 சதுர அடி. புகைக் காலத்திற்கு நிமிடத்திற்கு 120 கன அடி, அதாவது மணிக்கு ஏறத்தாழ 200 கன மீட்டர் தரும் கருவி போதும். ஹெப்பா துகளை மட்டுமே பிடிக்கும். நெகிழி எரிந்த நெடி போன்ற வாயுக்களைக் குறைக்க அதனோடு கரி வடிகட்டியும் வேண்டும். ஓசோன் வெளியிடும் கருவிகளைத் தவிர்த்துவிடுங்கள். ஓசோனே நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு.

விலை கட்டுப்படியாகவில்லையா? 2020இல் அமெரிக்காவில் ரிச்சர்டு கோர்சி, ஜிம் ரோசென்தால் என்ற இருவர் ஒரு எளிய வழியைப் பரப்பினர். சதுரக் காற்றாடி ஒன்றுடன் நல்ல வடிகட்டித் தாள்களைப் பெட்டி போல் சேர்த்து ஒட்டினால், அது விலை உயர்ந்த கருவிகளுக்கு ஈடாக வேலை செய்கிறது. பொறியியல் படிக்கும் நண்பர்கள் இதைத் தங்கள் விடுதியிலேயே செய்து பார்க்கலாம். பழைய காற்றாடியை மட்டும் பயன்படுத்தாதீர்கள். அதன் மோட்டார் சூடேறக்கூடும்.

4. சமையலை மாற்றுங்கள், நிறுத்த வேண்டாம். புகை மிகுந்த நாளில் பொரிப்பதையும் வறுப்பதையும் தள்ளிப்போட்டு அவித்தும் வேகவைத்தும் சமைக்கலாம். இட்டிலி, சொதி, ரசம் எல்லாம் நம்மிடம் இருக்கின்றனவே! வாணலிக்கு மூடி போடுங்கள். காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி இருந்தால் சமைக்கும்போது மட்டும் போடுங்கள். அது உள்காற்றை வெளியேற்றும் அளவுக்கு வெளிக்காற்று சந்துகளின் வழியே உள்ளே வரும். ஆதலால் வேலை முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். எந்நிலையிலும் அடைத்த வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை, உயிரைக் குடித்துவிடும்.

5. கொசுவுக்கு வலை கட்டுங்கள். டிங்கி இருக்கும் நாட்டில் கொசுவை விட்டுவைக்கச் சொல்ல முடியாது. ஆனால் சுருள் ஒன்றே வழியன்று. சன்னலுக்குக் கம்பிவலை, கட்டிலுக்குக் கொசுவலை, தோலில் பூசும் மருந்து, பூச்சட்டித் தட்டிலும் வாளியிலும் நீர் தேங்காமல் கவிழ்த்து வைப்பது ஆகியவை புகையில்லாத வழிகள்.

6. சாம்பிராணியை வாசலுக்கு மாற்றுங்கள். எங்கள் வீட்டில் இதுதான் மிகக் கடினமாக இருந்தது. “சாமிக்குப் புகை காட்டாமல் இருப்பதா?” என்று பாட்டி கேட்டபோது யாருக்கும் பதில் வரவில்லை. பிறகு அம்மாதான் ஒரு வழி சொன்னார். புகைமூட்டம் இருக்கும் நாள்களில் சாமி மேடையில் பூவும் சிறு விளக்கும் மட்டும். சாம்பிராணியை வெளியே, வாசலில் காட்டிவிட்டுத் தழலை அங்கேயே அவித்துவிடுவது. பேரனின் இருமல் குறைந்த பிறகு பாட்டி அதைப் பற்றி மீண்டும் பேசவில்லை. பெரியவர்களிடம் ‘மூடநம்பிக்கை’ என்று வாதிடுவதில் பயனில்லை. பிள்ளையின் மூச்சைக் காட்டிப் பேசினால் அவர்களே வழி சொல்வார்கள்.

7. துடைப்பத்தைவிட ஈரத்துணி மேல். உலர்ந்த தரையைப் பெருக்கினால் படிந்த துகள் மீண்டும் எழும். ஈரத்துணியால் துடைத்தால் அது துணியோடு போய்விடும்.

8. வெளியே போக நேர்ந்தால் ‘என் 95’ வகை முகக்கவரியை முகத்தோடு பொருந்த அணியுங்கள். துணிக்கவரி நுண்துகளைத் தடுக்காது. ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்துக் குழாயைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். மூச்சு வாங்கிப் பேச முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாரித்தாலோ காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஈரத்துணியைச் சன்னலில் தொங்கவிட்டால் போதும் என்பர். அது பெரிய தூசியை ஓரளவு தடுக்கும். நுண்துகளையும் வாயுவையும் தடுக்காது.

குளிர்சாதனம் காற்றைச் சுத்தப்படுத்தும் என்பர். நம் வீடுகளில் சுவரில் பொருத்தும் குளிர்சாதனம் அறையிலுள்ள காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. அதன் மெல்லிய வலை நுண்துகளைப் பிடிக்காது. சன்னலை மூடியபடி வெக்கையைத் தாங்க உதவும் என்பதே அதன் பயன்.

வீட்டுக்குள் செடி வைத்தால் காற்று தூய்மையாகும் என்ற நம்பிக்கை 1989இல் நாசா செய்த ஓர் ஆய்விலிருந்து பரவியது. அது காற்றுப்புகாத சிறு பெட்டிக்குள் செய்த சோதனை. 2019இல் முந்தைய ஆய்வுகளை மீண்டும் கணக்கிட்டுப் பார்த்தபோது, சன்னல் வழியாக இயல்பாக நடக்கும் காற்று மாற்றத்திற்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடிகளாவது வேண்டும் என்று தெரிந்தது. செடி வளருங்கள், அழகுக்காக.

மணம் தெளிக்கும் குப்பிகள் நெடியை மறைக்கும், மாசை நீக்கா. உள்ளதோடு இன்னும் சில வேதிப்பொருள்களைச் சேர்க்கும், அவ்வளவே.

யாருடைய குப்பை, யாருடைய மூச்சு?

1952 டிசம்பரில் இலண்டனில் ஐந்து நாள் நீடித்த நச்சுப் பனிப்புகை ஆயிரக்கணக்கான உயிர்களைப் பறித்தது. வீட்டுக்கு வீடு கணப்பில் எரிந்த நிலக்கரி அதற்கு ஒரு முக்கியக் காரணம். நான்கு ஆண்டுகளில், 1956இல், அந்நாடு தூய காற்றுச் சட்டத்தை இயற்றியது. மக்கள் சன்னலை அடைத்துக்கொண்டதால் இலண்டன் காற்று தூய்மையாகவில்லை. எரிப்பதை மாற்றியதால்தான் தூய்மையானது.

நமக்கும் இதில் படிப்பினை உண்டு. மேலே சொன்ன எட்டு வழிகளும் தற்காப்பே. ஜார்ஜ்டவுனிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் தூக்கி எறியப்படும் மீந்த சோறும் நெகிழிப்பையும் கடைசியில் நிபோங் திபாலின் கரையில் வந்து குவிகின்றன. 2020 ஆகஸ்டில் தீவின் ஜெலுத்தோங் குப்பைமேடு எரிந்தது. 2022 ஜனவரியில் நம் பூலாவ் பூரோங் எரிந்தது. உணவுக் கழிவைத் தனியே பிரித்து உரமாக்கினால் குப்பைமேட்டில் மீத்தேன் குறையும். நெகிழியைப் பிரித்துக் கொடுத்தால் எரிவதற்கு அங்கே நச்சு குறையும். இவற்றை நம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். ஆனால் குப்பை மேலாண்மையும் திறந்தவெளித் தீயைத் தடுப்பதும் தனிமனிதரின் கையில் மட்டும் இல்லை. நகராண்மையிடமும் மாநில அரசிடமும் கேட்க வேண்டியதைக் கேட்கும் பொறுப்பு படித்தவர்களாகிய நமக்கு உண்டு.

பல்கலைக்கழகத்திற்கு வந்த பின் நம்மில் பலர் தாமானுக்கும் கம்பத்திற்கும் விடுமுறையில் மட்டுமே செல்கிறோம். அடுத்த முறை செல்லும்போது ஒரே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டின் பின் அறை சன்னல் எங்கே திறக்கிறது, இரவில் அங்கே யார் உறங்குகிறார்கள், அருகில் என்ன எரிகிறது என்று பாருங்கள். அதைப் பார்த்துவிட்டால் மற்றவை தானே விளங்கும். அடுத்த புகைக் காலம் வருமுன் நம் வீட்டில் ஓர் அறையாவது தயாராக இருக்கட்டும்.